சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களை இளக்காரமாகப் பார்க்கிறார்களா? அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பார்க்கிறார்கள். எல்லோரும் அல்லர், ஆனால் பார்க்கிறார்கள்.

கேள்வி கேட்டவர் அண்மையில்தான் வேலைக்காகச் சென்னைக்கு வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். உங்கள் பேச்சையோ, நீங்கள் கொண்டுபோன சாப்பாட்டையோ, லிஃப்ட் முன்னால் தயங்கி நின்றதையோ சொல்லி யாராவது சிரித்திருப்பார்கள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டு, அறைக்குத் திரும்பிய பிறகு இங்கே கேட்டிருப்பீர்கள். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி என்னுடைய பழைய புண் ஒன்றைத் தொட்டுவிட்டதால், பதிலில் என் கதைதான் அதிகமாக இருக்கும்.

என் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கம், வீராணம் ஏரிப் பாசனத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். நாங்கள் அதை வீராணம் என்று சொல்வதில்லை, வெறும் ‘ஏரி’தான். சோழர் காலத்தில் வெட்டியது. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. சென்னைக்கு இந்த ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுபோக முதலில் போட்ட திட்டம் பாதியில் நின்றுபோய், ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய பெருங்குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரத்தில் கிடந்தன. அவற்றுக்குள் அடுப்பு மூட்டிக் குடும்பம் நடத்தியவர்களைச் சிறுவயதில் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பிறகு 2004 ஆம் ஆண்டில் புதிய வீராணம் திட்டம் முடிந்து, சேத்தியாத்தோப்பிலிருந்து தண்ணீரை இறைத்து, நெய்வேலிக்கு அருகில் வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாயில் ஓட்டிப் போரூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நானும் அதே ஆண்டில்தான் வேலைக்காகச் சென்னைக்கு வந்தேன். தண்ணீரை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

என்னைக் கேட்டார்கள். முதல் வாரம் அலுவலகத்துக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒரு மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுபோனேன். உறவுக்காரர் திருமணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. ஒரு பக்கம் மணமக்கள் பெயரும், மறுபக்கம் ‘நல்வரவு’ என்பதும் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கும். மேசையில் அதை வைத்தபோது பக்கத்து இருக்கைக்காரர் அந்தப் பெயர்களை உரக்கப் படித்து, “மாப்பிள்ளை நீங்களா?” என்று கேட்டார். அறையே சிரித்தது. மறுநாளிலிருந்து துணிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றில் கொண்டுபோனேன். 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கி, பிறகு பத்து ரூபாய் போட்டால் பையை நீட்டும் இயந்திரங்களையும் நிறுவியபோது எனக்கு வந்த கோபத்தை மனைவியிடம்கூட விளக்க முடியவில்லை.

இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தது போல என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிப்பவர்களுக்கு அது வெறும் பழமொழிதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் “சென்னை காலியாகிவிட்டது, இப்போதுதான் மூச்சு விட முடிகிறது, போனவர்கள் அப்படியே அங்கேயே இருந்துவிடுங்கள்” என்று எழுதுபவர்களும் விளையாட்டாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கி, ஆட்கள் அடித்துச் செல்லப்பட்டு, எங்கள் வயல்களில் நட்ட சம்பா நாற்று தண்ணீருக்குள் அழுகிக்கொண்டிருந்தபோது, உடன் வேலை செய்த ஒருவர் என்னிடம், “அங்கேயும் மழையா?” என்று கேட்டார். டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்ட பிறகுதான் அது வெள்ளம் ஆயிற்று. இதை விளையாட்டு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சொல்ல வந்தது 2019 கோடைக் கதை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னையின் ஏரிகள் நான்கும் வற்றிக் கிடந்தன. நகருக்குக் கொடுக்கும் குடிநீரை நாளொன்றுக்குச் சுமார் 52 கோடி லிட்டராகக் குறைத்துவிட்டார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீராணத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் வளசரவாக்கம் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணறு காற்றைத்தான் துப்பியது. 12 ஆயிரம் லிட்டர் லாரிக்கு முன்பணம் கட்டி நாலு நாள் காத்திருந்தோம். அந்த லாரிகளும் புறநகரைச் சுற்றியுள்ள விவசாயக் கிணறுகளில்தான் நிரப்பிக்கொண்டு வந்தன. பயிர் வைப்பதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்றாகிவிட்ட கிணறுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, முதல் மாடியில் மகனுடன் இருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, “ஊர்நாட்டுல மோட்டாரைப் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிறாங்க. கரண்டும் சும்மா, தண்ணியும் சும்மா. இங்க நாம குடத்தை வச்சிக்கினு நிக்கிறோம்” என்றார். நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு மென்பொருள்காரர் தொடங்கினார். சேற்றில் நிற்கும் நெல்லுக்குச் சொட்டுநீரை எப்படிக் கொடுப்பார் என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். வேறு பலவும் சொல்லியிருக்கலாம். மாம்பலத்துப் பெரிய ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள் என்பதையும், வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின் மேல்தான் என்பதையும் சொல்லி, தண்ணீரை வீணாக்குவது யார் என்று கேட்டிருக்கலாம். நாம் உட்கார்ந்திருக்கும் வளசரவாக்கமே 2011 வரை சென்னை மாநகராட்சிக்குள் இல்லை, பெயரில் ‘பாக்கம்’ இருக்கும்போது யார் யாரைப் பட்டிக்காடு என்பது என்றும் மடக்கியிருக்கலாம். இவ்வளவும் இரவு படுக்கையில் கிடந்தபோது தோன்றியவை. அங்கே எனக்கு வாயில் வந்தது வேறு. “உங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றுவது எங்கள் ஏரித் தண்ணீர். எங்கள் ஊர்க்காரர்கள் மதகை மூடினால் நாளைக்கே இந்தக் கட்டடம் நாறும்” என்று, தந்தை வயதுடைய ஒருவரைப் பார்த்துக் கத்தினேன். கூட்டம் அதோடு கலைந்தது.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் படியிறங்கினேன். என் நல்ல குணத்தால் இல்லை, மனைவி இரவெல்லாம் சொன்னதால். பெரியவர் படிக்கட்டிலேயே எதிர்ப்பட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “தம்பி, இந்தக் கட்டடத்துக்கு அந்தாண்ட நாலு மனை தள்ளி எங்கக் கழனி இருந்துச்சி. எங்கப்பா ஏத்தம் இறைச்சாரு. அப்புறம் மோட்டார் வந்துச்சி. போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கினது நான்தான். எனக்குத் தெரியாதா?” என்றார்.

கழனி! எங்கள் பக்கம் வயல் என்போம்; கழனி என்பது செங்கல்பட்டு, காஞ்சிபுரத்துச் சொல். பதினைந்து ஆண்டுகள் சென்னையில் இருந்தும், சென்னைக்காரர் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைத் தன் நிலத்துக்குச் சொல்வதாக அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அவர் எங்கள் மக்களை ஏளனம் செய்யவில்லை. தம் பழைய சோம்பலை நினைத்துப் பேசியிருக்கிறார். நிலத்தை எப்போது, என்ன விலைக்குக் கொடுத்தார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. “பரவால்ல, உன் ஏரிதான, நீ பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார்.

அப்போதும் அவர் சொன்னது தவறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அடுத்த ஆண்டு மாறியது. 2020 ஜூனில், சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வருகிறது என்ற பேச்சு எழுந்தவுடன், இ-பாஸ் வாங்கி ஊருக்குப் போனேன். கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் மூலம் கடலூர் மாவட்டத்தில் தொற்று பரவியிருந்த நேரம் அது. சொந்தச் சித்தப்பா தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுகொண்டு, “என்னடா, கோயம்பேடா?” என்று கேட்டார். பால்காரர் செம்பை வேலிக்கு வெளியே வைக்கச் சொன்னார். பட்டணத்துக்காரன் என்றால் நோயைக் கொண்டுவருபவன் என்று எங்கள் ஊரே அன்று முடிவு கட்டியிருந்தது. பட்டிக்காட்டான் என்ற சொல்லைக் கேட்டுச் சென்னையில் கூசியதைவிட, பிறந்த ஊரில் ‘மெட்ராஸ்காரன்’ ஆனபோது அதிகமாகக் கூசினேன். பயத்தில் செய்தார்கள், குற்றம் சொல்ல மாட்டேன்; ஆனால் இளக்காரம் ஒரு பக்கத்துச் சொத்து என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பதினான்கு நாள் தனிமைக்கு அப்பா எனக்குக் கொடுத்த இடம் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு குண்டு பல்பு. மூன்றாம் நாள் இரவு ஒரு மணி இருக்கும். தலைமாட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக இழுத்து, மோட்டார் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கைப்பேசி வெளிச்சத்தில் வெளியே வந்து பார்த்தேன். நாற்றங்கால் நிறைந்து, வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் பக்கத்துத் தரிசுக்குள் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒரு ஆள் இல்லை. மண்வெட்டியை எடுத்து வளையை அடைத்தேன். பழக்கம் விட்டுப்போன கையில் இரண்டே நிமிடத்தில் கொப்புளம் வந்துவிட்டது.

காலையில் இதை அப்பாவிடம் சொன்னபோது, வேலிக்கு அப்பால் நின்றபடி, “மும்முனை கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு நமக்குச் சொல்லிட்டா வருது? ராத்திரி ஒரு மணிக்கு எழுபது வயசுல நான் வரப்புல போய் நின்னு பாம்பு மிதிக்கணுமா?” என்று கேட்டார். தண்ணீர் வீணானது உண்மை. அப்பாவின் கேள்வியும் உண்மை. அந்தக் கூட்டத்தில் இருந்த எவருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், இந்த இரண்டாவது பாதி தெரியவில்லை. மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு ஊருக்காகச் சண்டை போட்டவன், ஊரில் மோட்டார் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதை அறியாதவனாக இருந்திருக்கிறேன்.

கிராமத்தை நான் வெள்ளையடித்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொல்லக்கூடும். சென்னைக்குச் சேரியிலிருந்து வந்த என் பள்ளித் தோழன் ஒருவனிடம் இந்தப் புலம்பலைச் சொன்னபோது, “உன்னை இங்கே பட்டிக்காட்டான் என்றார்கள், அவ்வளவுதானே; என்னை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியும்” என்றான். தெரியும். எங்கள் தெருவில் நின்றுதான் கூப்பிட்டார்கள். ‘எங்க ஊர்’ என்று நான் சொல்லும்போதெல்லாம் அவன் தெரு அதற்குள் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கெட்டும் பட்டணம் சேர் என்ற பழமொழிக்கு அவனிடம் இருக்கும் பொருள் என்னிடம் இல்லை.

சரி, உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி: என்ன பதில் சொல்வது? கத்தாதீர்கள். ஏரியை மூடிவிடுவேன் என்று மிரட்டாதீர்கள். சாவி நம்மிடம் இல்லை. சிரிப்பவர் உங்கள் வயதுக்காரர் என்றால் அவருடைய தாத்தா எந்த ஊர் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். உங்களைவிட மூத்தவர் என்றால், அவர் முன்பு என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். மஞ்சப்பையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றியது இன்றும் உறுத்துகிறது.

ஊரில் அம்மா இப்போதெல்லாம் என் மகள் வருகிறாள் என்றால், இரண்டு நாள் முன்னதாகவே வேனில் வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறார். பட்டணத்துப் பிள்ளைக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். ஏரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீட்டில் அவள் கேன் தண்ணீர் குடிக்கிறாள். வளசரவாக்கத்தில் அதே ஏரித் தண்ணீரில் குளிக்கிறாள்.

பெரியவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், வணக்கத்துக்கு முன்னால், “ஏரியில எத்தனை அடி?” என்று கேட்கிறார். முழுக் கொள்ளளவு 47.50 அடி என்பது அவருக்கு மனப்பாடம். அவர் கேட்பார் என்பதற்காகவே, ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்கிறேன். போன வாரம் 45 என்றேன். “இன்னும் ரெண்டரை அடி இருக்குதே” என்று சொல்லிக்கொண்டே முதல் மாடியில் இறங்கிப் போனார்.