மேக் மினியா, அசெம்பிள் பிசியா? முதலில் கேமரா ஃபைலைப் பாருங்கள்

கேள்வி: நானும் தம்பியும் திருநெல்வேலியில் கல்யாண வீடியோ எடுக்கிறோம். கேமராவில் 4கே, ஹெச்.265, 10-பிட் 4:2:2 பதிவு. எடிட்டிங் பிரீமியர் ப்ரோவில். பழைய பிசியில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. தம்பி பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேரும் பழகுகிறான். மானிட்டர் இருக்கிறது, பட்ஜெட் ஒரு லட்சம். மேக் மினி எம்4 வாங்கலாமா, கிராபிக்ஸ் கார்டு போட்டு பிசி அசெம்பிள் செய்யலாமா?

பதில்: கேமரா ஃபார்மட்டையும் எழுதியது நல்லதாகப் போயிற்று. விடையே அதில்தான் இருக்கிறது.

ஹெச்.265 என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. அது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கிறது. அதனால் நடுவில் ஓர் இடத்தில் கர்சரை வைத்தால், அந்த ஒரு படத்தைக் காட்டவே அக்கம்பக்கத்து ஃபிரேம்கள் பலவற்றைப் பிரித்தாக வேண்டும். இதற்கென்றே தனி சர்க்யூட் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் சிபியு தலையில். சிக்கல் என்னவென்றால், இந்த சர்க்யூட்டுகளில் பல, செல்போனிலும் யூடியூபிலும் புழங்கும் 4:2:0 வீடியோவுக்காகச் செய்யப்பட்டவை. 4:2:2-வில் நிற விவரம் அதைப்போல இரு மடங்கு. அதைக் கொடுத்தால் கைவிரித்துவிடும்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டுகளில் 40 வரிசை வரைக்கும் இதே கதைதான். 2025-இல் வந்த 50 வரிசையில்தான் 4:2:2-வுக்கு வழி பிறந்தது. ஏஎம்டியின் ரைசன் பிராசஸரில் உள்ள கிராபிக்ஸும் இதற்கு உதவாது. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதைச் செய்துவிடும். ஆனால் மாடல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்று இருந்தால் அந்தக் கிராபிக்ஸே கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று கடையில் 14400எஃப் எடுத்துத் தருவார்கள். கேம் ஆடுபவருக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம்.

மேக் மினியில் இந்தத் தலைவலி இல்லை. உங்கள் ஃபைலை அப்படியே போட்டு வெட்டலாம். அதிகபட்சமே 65 வாட் என்பதால், கரண்ட் போனாலும் சின்ன யுபிஎஸ் வெகுநேரம் தாங்கும். அடிப்படை மாடலின் அறிமுக விலை 59,900 ரூபாய். ரேம் 16 ஜிபி, பின்னால் கூட்ட முடியாது. சேமிப்பிடம் 256 ஜிபிதான். விநாடிக்கு 140 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கே 63 ஜிபி ஆகும். முகூர்த்தமும் வரவேற்பும் இரண்டு கேமராவில் எடுத்தால் எங்கே வைப்பது? ஆக, வெளியே ஒரு எஸ்எஸ்டி கட்டாயம். எடியஸ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடிட்டிங் மட்டும் என்றால் தயங்காமல் மேக் மினி என்பேன். ஆனால் தம்பியின் பிளெண்டர் கணக்கை மாற்றுகிறது. பிளெண்டர் மேக்கிலும் ஓடும். ஆனால் ரெண்டர், அதாவது 3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது, என்று வரும்போது ஆர்டிஎக்ஸ் கார்டின் வேகத்தை எம்4 எட்டாது. கற்றுக்கொள்பவன் ஒரு காட்சியைப் பத்து முறை ரெண்டர் போட்டுப் பார்ப்பான். அந்தக் காத்திருப்பு அவன் ஆர்வத்தையே கெடுத்துவிடும். அதனால் உங்கள் வீட்டுக்கு பிசிதான் என் பரிந்துரை: எஃப் இல்லாத இன்டெல் ஐ5-14400, ஆர்டிஎக்ஸ் 5060, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. 4:2:2-வுக்கு 5060 கார்டிலும் வழி உண்டு, இன்டெல் கிராபிக்ஸ் கூடுதல் துணை. ரேம் 32 ஜிபி நல்லது. விலை இடித்தால், நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் 16 ஜிபியில் தொடங்குங்கள், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். கார்டு போட்டதும் சில போர்டுகள் இன்டெல் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் கேமரா கார்டோடு கடைக்குப் போங்கள். உங்கள் லாகினில் பிரீமியரைத் திறந்து, சொந்த ஃபைலை ஓட்டியபடி டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். வீடியோவைப் பிரிக்கும் சர்க்யூட்டின் வேலையைக் காட்டும் ‘வீடியோ டிகோட்’ கோடு எழும்பினால் பில் போடச் சொல்லலாம். அது தட்டையாகக் கிடந்து, சிபியு மட்டும் 100-ஐத் தொட்டால், செட்டிங்கைச் சரிசெய்து மறுபடி ஓட்டிக் காட்டும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.