கடைசி அத்தியாயத்து மனிதர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளின் வீட்டுக்குப் போயிருந்தபோது, சென்ற மாசி மாதம் அவளும் மருமகனும் என்னை டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர் என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்ட பேட்வாட்டர் உப்புப் படுகையில் நானே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இரண்டு கையேடுகள் வாங்கினேன். ஒன்று பாறை, செடி, விலங்குகளைப் பற்றியது; மற்றொன்று அங்கே வந்துபோன மனிதர்களின் வரலாறு. ஊர் திரும்பிய பிறகுதான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் முழுமையாகப் படித்தேன். முதல் நூலில் மெஸ்கீட் என்ற மரத்தின் படத்தைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். இலை, முள், நெற்று எல்லாம் நம் கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தானைப் போலவே இருந்தன. நாம் வேரோடு பிடுங்க நினைப்பதை அந்த நூல் உயிர்காக்கும் மரம் என்று புகழ்கிறது. அதே நூலில் ஷோஷோனி பழங்குடியினருக்குக் கடைசியில் இரண்டே பக்கங்கள். வாழ்ந்தார்கள், சேகரித்தார்கள், உண்டார்கள் என்று எல்லாமே இறந்தகாலம்.

ஒரே நிலத்துக்கு ஏன் இரண்டு நூல்கள்? இத்தகைய கையேடுகளை எப்படிப் படிக்க வேண்டும்? மழை குறைந்த நம் மதுரைச் சுற்றுவட்டாரத்துக்குத் தமிழில் இப்படி ஒன்று எழுத முடியாதா? நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
இரா.,
திருமங்கலம்

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. டெத் வேலியில் நீங்கள் கண்ட மெஸ்கீட்டும், நீங்கள் வேலிக்காத்தான் என்று சொல்லும் நம் சீமைக்கருவேலமும் ஒன்றல்ல என்றாலும் நெருங்கிய உறவுகள். நம்முடையது மெக்சிகோ, கரீபியத் தீவுகள் ஆகிய பகுதிகளுக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தக் குடும்பத்தில் மூன்றாவதாக ஒரு மரம் உண்டு. அது நம் வன்னி. தாவரவியலாளர்கள் நெடுங்காலம் இம்மூன்றையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்து, அண்மையில்தான் வன்னியிலிருந்து அமெரிக்க மரங்களைத் தனியே பிரித்தார்கள். தார் பாலைவனத்தில் கேஜ்ரி என்று அழைக்கப்படுவதும், 1730இல் கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் கட்டிப்பிடித்து நின்று உயிர்கொடுத்துக் காத்ததும் இந்த வன்னியைத்தான். மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி சன்னிதிப் பிராகாரத்தில், திருப்புறம்பியத்திலிருந்து திருமணத்துக்குச் சாட்சி சொல்ல வந்ததாகத் திருவிளையாடல் கூறும் வன்னியையும் கிணற்றையும் இலிங்கத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீர் அரிதான ஊரில் ஒரு கிணறும் அதன் பக்கத்தில் ஒரு வன்னியும் நிற்கும் காட்சியை ஜெய்சல்மேர்ப் பக்கம் நேரில் கண்ட பிறகு, அந்தக் கதையில் மரமும் கிணறும் ஏன் சேர்ந்தே நடந்து வந்தன என்பது எனக்கு வேறுவிதமாகப் புரிந்தது.

மரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதில் இருப்பதுதான். டெத் வேலியின் மெஸ்கீட் தோப்புகளைத் திம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தவர்கள். கோடையில் முற்றிய நெற்றுகளைச் சேர்த்து, உரலில் இடித்து மாவாக்கி, அடையாகத் தட்டிக் காயவைத்துச் சேமித்தார்கள். வெயில் தாங்க முடியாத மாதங்களில் பனமிண்ட் மலைக்கு ஏறி, இலையுதிர் காலத்தில் பின்யோன் ஊசியிலை மரத்தின் பருப்பைச் சேகரித்துவிட்டு, குளிருக்குப் பள்ளத்தாக்குக்கு இறங்கினார்கள். மரத்தடியில் சேரும் காய்ந்த கிளைகளை வெட்டி அகற்றுவதும் புதர்களைக் களைவதும் அவர்களது வேலை. 1933இல் அந்த நிலம் தேசிய நினைவுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட பிறகு, இயற்கையைத் தொடக் கூடாது என்ற விதி அந்த வேலையையும் நிறுத்தியது. ஆக, உங்கள் முதல் நூலில் படத்தோடு விளக்கப்படும் மெஸ்கீட் தோப்பு மனிதக் கை பட்டு உருவான ஒன்று. அந்தக் கைகளைப் பற்றிய செய்தி இன்னொரு நூலுக்கு ஒதுக்கப்பட்டதால், வாசகருக்குத் தோப்பும் முழுமையாகத் தெரிவதில்லை, மக்களும் தெரிவதில்லை.

பூங்கா என்ற கருத்தே மனிதர் இல்லாத நிலத்தைக் கற்பனை செய்துகொண்டு பிறந்தது என்பது இந்தப் பிரிவினைக்கு அடிப்படைக் காரணம். அதோடு நடைமுறைக் காரணமும் உண்டு. அமெரிக்கப் பூங்காக்களுக்குத் துணையாக இலாப நோக்கற்ற இயற்கை வரலாற்றுச் சங்கங்கள் இயங்குகின்றன. டெத் வேலிக்கான சங்கம் 1954இல் தொடங்கப்பட்டது. பூங்காக்களின் புத்தகக் கடைகளைப் பெரும்பாலும் இத்தகைய சங்கங்களே நடத்துகின்றன, பதிப்பிக்கவும் செய்கின்றன, வருமானம் பூங்காவின் கல்விப் பணிக்கே திரும்புகிறது. நான் மனமார மதிக்கும் ஏற்பாடு இது. நம் சரணாலயங்களின் வாசலில் நல்ல நூல் ஒன்றுகூடக் கிடைக்காததை நினைத்துப் பலமுறை வருந்தியிருக்கிறேன். ஆனால் அங்கே பாறையைப் பற்றிப் புவியியலாளரும், செடியைப் பற்றித் தாவரவியலாளரும், சுரங்கத்தைப் பற்றி வரலாற்றாளரும் தனித்தனியே எழுதப்போக, மனித வரலாறு என்ற தலைப்பின் கீழ் எஞ்சியது பெரும்பாலும் வந்துபோனவர்களின் வரலாறுதான். 1849இல் தங்கம் தேடிப் புறப்பட்டு வழிதவறிய கூட்டத்தைப் பற்றியும், 1880களில் வெண்காரத்தை (போராக்ஸ்) ஏற்றிக்கொண்டு 265 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மொஹாவி ரயில் நிலையத்துக்கு நடந்த கோவேறு கழுதை வண்டிகளைப் பற்றியும் விரிவாக எழுதுவார்கள். அந்த வெண்காரத்தை உப்புத் தரையில் சுரண்டிச் சேர்த்த சீனத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரி வந்தால் பெரிது.

ஊர்ப்பெயர்களிலும் இதைக் காணலாம். உங்கள் கையேட்டின் வரைபடத்தை மீண்டும் விரித்துப் பாருங்கள். டெத் வேலி, ஃபியூனரல் மலைத்தொடர், காஃபின் சிகரம், ஹெல்ஸ் கேட், டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸ் என்று சாவும் சவப்பெட்டியும் நரகமும் சாத்தானுமாகவே இருக்கும். அவை அந்த நிலத்தைக் கடந்து தப்பிக்க நினைத்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் வைத்த பெயர்கள். திம்பிஷா என்ற சொல்லோ அந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் செங்காவியைக் குறிப்பது. தங்கள் தாய்மண்ணைச் சாவின் பள்ளத்தாக்கு என்று அழைப்பதை அந்த மக்கள் இன்றும் ஏற்பதில்லை. 'இன்றும்' என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். நீங்கள் இறந்தகால வினைமுற்றைக் கவனித்தது ஒரு நல்லாசிரியரின் கவனிப்பு. 1930களில் அவர்களுக்கென ஃபர்னஸ் க்ரீக்கில் சுடாத மண்கல் வீடுகள் கட்டித்தரப்பட்டன. பின்னாளில், கோடைக்கு மலையேறிய குடும்பங்களின் வீடுகள் காலி என்று கொள்ளப்பட்டு, தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கரைக்கப்பட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் வீட்டைக் கரைப்பதற்குத் தண்ணீர் செலவழிக்கப்பட்டது என்பதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அதையும் தாங்கிக்கொண்டு சில குடும்பங்கள் அங்கேயே இருந்தன. 1983இல் அமெரிக்க அரசு அவர்களைத் தனிப் பழங்குடியாக ஏற்றது. 2000இல் இயற்றப்பட்ட சட்டம் ஏறத்தாழ 7,750 ஏக்கர் நிலத்தை அவர்களுக்கு மீட்டளித்தது. அதில் 314 ஏக்கர், நீங்கள் நூல் வாங்கிய பார்வையாளர் மையம் இருக்கும் அதே ஃபர்னஸ் க்ரீக்கில் உள்ளது. அந்த மக்களை உங்கள் கையேடு இறந்தகாலத்தில் வைத்திருக்கிறது.

எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது அச்சான ஆண்டை. ரேஸ்டிராக் என்ற காய்ந்த ஏரித்தரையில் கற்கள் தாமாக நகர்ந்து நீண்ட தடம் பதிப்பதைப் பற்றி உங்கள் நூலில் ஒரு பக்கமாவது இருக்கும். பழைய நூல்கள் புயற்காற்று, வழுக்குச் சேறு என்று ஊகங்களை அடுக்கும். கற்களில் இடங்காட்டிக் கருவிகளைப் பொருத்திக் காத்திருந்த ஆய்வாளர்கள், குளிர்கால இரவில் தேங்கிய ஆழமற்ற நீர் கண்ணாடிச் சில்லு போன்ற மெல்லிய பனித்தகடாக உறைந்து, காலை வெயிலில் உடைந்து, இளங்காற்றில் மிதந்துகொண்டே கற்களைத் தள்ளுவதை நேரில் கண்டு 2014இல் வெளியிட்டார்கள். எனவே நூல் 2014க்கு முந்தையதா, 2000க்கு முந்தையதா என்று பார்த்துவிட்டால், அது கல்லைப் பற்றியும் மக்களைப் பற்றியும் என்ன சொல்லியிருக்க முடியாது என்பது தெரிந்துவிடும். அடுத்து, பொருளடைவில் நீரூற்றுகளைத் தேடுகிறேன். பாலை நிலத்தில் மீனும் ஆடும் மனிதனும் வந்துசேரும் இடம் ஊற்று ஒன்றுதான் என்பதால், ஊற்றுகளைப் பற்றிய பக்கங்கள் நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாகவே இருக்கும். பிறகு, மனிதர்களை வழக்கமாக ஒதுக்கிவைக்கும் கடைசி அத்தியாயத்தை மற்ற அத்தியாயங்களுக்கு முன்பே படிக்கிறேன்.

ராஜஸ்தானில் பாலைவனத் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்ற 3,162 சதுர கிலோமீட்டர் நிலத்தில் மனிதரைக் கடைசிக்குத் தள்ளவே முடியாது. ஊர்கள் உள்ளேயே இருக்கின்றன. ஜெய்சல்மேர் வட்டாரத்தில் கடீன் என்ற நீர்ப்பிடி வயலை ஒரு தை மாதத்தில் பார்த்தேன். கற்பாங்கான மேட்டுநிலத்தில் விழும் கொஞ்ச மழை முழுவதும் சரிந்து வந்து, ஊரார் குறுக்கே போட்ட மண்கரைக்குப் பின்னால் தேங்கி, மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. நீர் வற்றிய தரையில் விதைத்த கொண்டைக்கடலை, ஒரு வாய்த் தண்ணீர் பாய்ச்சாமல் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. நான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினேன். மழை ஓய்ந்து மாதங்கள் ஆகியும் அது உதிராமல் உருண்டையாக நின்றது. பாலிவால் சமூகத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன் செம்மைப்படுத்திய முறை இது. ஆனால் அங்கே கிடைத்த பயண நூல்களில் கோட்டையும் மணல்மேடும் இருந்தன, பறவை நூலில் கானமயில் இருந்தது. கடீன் எதிலும் இல்லை. நூற்றைம்பதுகூடத் தேறாத அளவுக்கு அருகிவிட்ட கானமயில் மின்கம்பியில் மோதிச் சாவதையும், அது மேயும் ஓரண் என்னும் கோயில்காடுகளை ஊரார் காத்து வருவதையும் ஒரே பக்கத்தில் சொல்லும் நூலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி மதுரை. நம் நிலம் பாலைவனமல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்களின் மழைமறைவில் டெத் வேலி நிரந்தரமாகவே வறண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. மதுரைக்கு வரும் வழியைச் சொல்லும் சிலப்பதிகாரக் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்வதாகக் கூறுகிறது. நமக்குப் பாலை ஒரு நிலைமை, வந்து போவது. அதனால் நமக்கான கையேடு, பங்குனி சித்திரையில் வறண்டும் கார்த்திகையில் நிறைந்தும் கிடக்கும் ஒரே இடத்தை இரண்டு முறை பார்த்து எழுதப்பட வேண்டும்.

அதற்கு அரிட்டாபட்டியிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். 2022 நவம்பரில், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே திரண்டு நின்றதால், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. அங்குள்ள குகைத்தளத்தின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காக விரற்கடை ஆழத்தில் வெட்டிய காடி ஒன்று ஓடுகிறது. அதன் பக்கத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து. அந்தக் காடியிலிருந்து சொட்டும் நீர் எந்தப் பாறைவெடிப்பில் இறங்குகிறது, எந்தச் சுனையில் தேங்குகிறது, எந்த ஓடை வழியாகக் கண்மாய்க்குச் சேர்கிறது, மேலே லகர் வல்லூறு எந்த இடுக்கில் கூடு கட்டுகிறது, கண்மாயின் மடையைத் திறக்கும் நீர்பாய்ச்சி எந்த அடையாளத்தைப் பார்த்துத் திறக்கிறார் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுத முடியும். நீர் ஓடும் வழியிலேயே எழுத்தும் ஓடினால், இயற்கை என்றும் மனிதர் என்றும் இரண்டு நூல்கள் தேவைப்படாது.

அந்த நூலில் வேலிக்காத்தானுக்கும் இடம் வேண்டும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தென்மாவட்டங்களில் பெருமளவில் வெட்டினோம். வெட்டிய இடத்திலேயே அது மீண்டும் துளிர்த்தது. கண்மாய்க்குள் அது இருக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் நெற்றைத் தின்று பிழைக்கும் ஆடுகளையும், கரிமூட்டம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களையும், கடல் கடந்து அதன் உறவுமரத்தை உணவாக்கிய திம்பிஷா மக்களையும் குறிப்பிடாமல் அந்தப் பக்கத்தை முடித்தால், நாமும் பாதிக் கையேட்டைத்தான் எழுதியிருப்போம்.

உங்களால் முடியுமானால் ஒன்று செய்யுங்கள். அரிட்டாபட்டியில் ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொரு சுனைக்கும் தனித்தனிப் பெயர் தெரியும். எது சித்திரையிலும் வற்றாது, எது தைக்குள் வற்றும் என்பதும் தெரியும். உங்கள் பழைய மாணவர்கள் மேலூர்ப் பக்கம் யாரேனும் இருந்தால், அவர்களை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பெயர்களை முதலில் எழுதி வாங்குங்கள். மழை ஓய்ந்த பிறகு கார்த்திகைக் கடைசியில் நானும் வருகிறேன். நீங்கள் வாங்கிவந்த அந்த முதல் நூலையும் எடுத்து வாருங்கள். மெஸ்கீட் படத்தைப் பெரியவர்களிடம் காட்டி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம்.

அன்புடன்.