டீ பன்: பழைய குறிப்பும் புதிய ஈஸ்ட்டும்

கேள்வி: பாட்டி எழுதி வைத்த டீ பன் குறிப்பில் 'மாவு 1 பவுண்டு, சர்க்கரை 3 அவுன்ஸ், வெண்ணெய் 3 அவுன்ஸ், ஈஸ்ட் 1 அவுன்ஸ், திராட்சை 4 அவுன்ஸ், பால் அரை பைன்ட், உப்பு' என்று மட்டும் இருக்கிறது. செய்முறை இல்லை. இருமுறை முயன்றேன். மாவு பொங்கி வழிகிறது, பன்னில் ஈஸ்ட் வாடை தூக்குகிறது. அளவு தவறா?

பதில்: அளவு சரிதான், ஈஸ்ட்தான் வேறு. பழைய குறிப்புகளில் ஈஸ்ட் என்றாலே பெரும்பாலும் ஈரக் கட்டியாக வரும் ஃப்ரெஷ் ஈஸ்ட். அதில் 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம். நேரே மாவில் கலக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 8 கிராம் போதும். குருணையாக இருக்கும் டிரை ஈஸ்ட் என்றால் 11 கிராம். வெதுவெதுப்பான பாலில் கரைத்து 10 நிமிடத்தில் நுரைத்தால்தான் மாவில் சேர்க்க வேண்டும். நுரைக்காவிட்டால் அந்த ஈஸ்ட் செத்துவிட்டது, மாவை வீணாக்காதீர்கள்.

மைதா 450 கிராம், சர்க்கரை, வெண்ணெய் தலா 85 கிராம், திராட்சை 115 கிராம், உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி. பாலில்தான் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் அரை பைன்ட் 284 மில்லி, அமெரிக்க அரை பைன்ட் 237 மில்லி. இந்த வித்தியாசத்தில் மாவு கெட்டியாகவும் போகலாம், கூழாகவும் போகலாம். 240 மில்லியில் தொடங்கி, மாவு கேட்கக் கேட்க மீதியைச் சேருங்கள்.

பாலைப் பொங்கும் பக்குவம் வரை காய்ச்சி இறக்குங்கள். காய்ச்சாத பாலில் உள்ள வே (whey) புரதம், அதாவது பால் திரிந்தால் பிரியும் நீரில் இருக்கும் புரதம், மாவு உப்புவதைக் குறைக்கும். விரல் வைத்தால் இதமான சூடு தெரியும் அளவுக்கு (35 முதல் 38 டிகிரி) ஆறட்டும். 55 டிகிரியைத் தாண்டிய பாலில் ஈஸ்ட் பிழைப்பது கடினம்.

வெண்ணெய், திராட்சை தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்து 6 நிமிடம் பிசையுங்கள். பிறகு மிருதுவான வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் 8 நிமிடம் பிசையுங்கள். வெண்ணெயை முதலிலேயே போட்டால் மாவில் இழுவை வரத் தாமதமாகும். ஒரு துண்டை இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வுபோல விரிய வேண்டும். மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவுவதுதான் கல் போன்ற பன்னுக்கு முதல் காரணம். ஒட்டட்டும், பிசையப் பிசைய விட்டுவிடும்.

மூடி வைத்து இரு மடங்காகும்வரை காத்திருங்கள். 28 டிகிரி அறையில் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம், குளிரில் இரண்டு மணிக்கு மேல் போகும். இனிப்பு மாவு மெதுவாகத்தான் உப்பும், சர்க்கரை ஈஸ்ட்டின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால். 75 கிராம் உருண்டைகளாக்கினால் 13, 14 வரும். தட்டில் இடைவெளி விட்டு வைத்து மறுபடி 45 நிமிடம். லேசாக அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று மீண்டால் இன்னும் காத்திருங்கள், மீளவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது: அந்த பன் சூட்டில் தட்டையாகும்.

கேள்வி: மேலே கருகுகிறது, உள்ளே மாவாகவே இருக்கிறது. ஏன்?

பதில்: பாலும் சர்க்கரையும் சேர்ந்த மாவு சீக்கிரம் நிறம் மாறும், நிறத்தை நம்பி எடுக்காதீர்கள். ஓவனை 190 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, நடுத் தட்டில் 16 முதல் 18 நிமிடம் வையுங்கள். பத்தாவது நிமிடத்திலேயே நன்றாகச் சிவந்துவிட்டால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். வெப்பமானி இருந்தால் பன்னின் நடுவில் 90 டிகிரி காட்ட வேண்டும். சூட்டோடு பிய்த்தால் வெந்த பன்கூடப் பிசுபிசுப்பாகத்தான் தெரியும், 20 நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: திராட்சை கசக்கிறது.

பதில்: வெளியே துருத்திக்கொண்டிருப்பவை கருகிவிடுகின்றன. உருட்டும்போது அவற்றை உள்ளே தள்ளி, மேல்தோலை இழுத்து மூடி, மடிப்பு அடியில் வருமாறு வையுங்கள். திராட்சையை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, பிசைந்து முடித்த பிறகே சேருங்கள். ஊறாத திராட்சை சுற்றியுள்ள மாவின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் துடைக்காதது மாவைக் குழைத்துவிடும்.

கேள்வி: மறுநாளே வறண்டுவிடுகிறது. ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்.

பதில்: அதனால்தான். ஃபிரிட்ஜ் குளிரில் வெந்த மாவுச்சத்து இன்னும் வேகமாக இறுகும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்தால் இரண்டு நாள் மெத்தென்று இருக்கும். மிஞ்சியதைச் செய்த அன்றே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வெளியே எடுத்து உருகியபின் 150 டிகிரியில் 6 நிமிடம் சூடாக்கினால் போதும்.

கேள்வி: முட்டை தடவாமல் பளபளப்பு வருமா?

பதில்: வரும். ஓவனில் வைக்கும் முன் பால் தடவுங்கள். 2 மேசைக்கரண்டி சர்க்கரையை அதே அளவு தண்ணீரில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, பன் வெளியே வந்த சூட்டோடு ஒரே ஒரு முறை பூசுங்கள். இரண்டாம் முறை பூசினால் ஆறிய பிறகும் கையில் ஒட்டும்.