சிறு தொழிலுக்கு எந்த கிளவுட் மென்பொருள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இயந்திர உதிரிபாகங்கள் விற்கிறோம். பில் ஒரு கணினியில், இருப்புக் கணக்கு எக்செலில், வாடிக்கையாளர் விவரங்கள் ஆளுக்கொரு கைபேசியில் என்று சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கிளவுட் மென்பொருளை (விற்பவரின் சர்வரில் இருந்து இணையம் வழியாக ஓடுவது) வாங்கலாமா, வேலைக்கு ஒன்றாகத் தனித்தனியே வாங்கலாமா?

பதில்: மென்பொருள் தேடப் புறப்படுவதற்கு முன், உங்களிடம் வரும் ஓர் ஆர்டர் தொலைபேசியில் கேட்கப்பட்டது முதல் பணம் கைக்கு வரும்வரை யார் யாரால் எங்கெங்கே எழுதப்படுகிறது என்பதை ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். ஒரே விவரம் இரண்டு முறை எழுதப்படும் இடத்தில்தான் நேரமும் வீணாகிறது, தவறும் நுழைகிறது; மென்பொருள் தீர்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். விற்பனைத் தொழிலில் அது பெரும்பாலும் பில்லுக்கும் இருப்புக்கும் நடுவே இருக்கும். ஒவ்வொரு பில்லும் இருப்பைக் குறைப்பதால் இவ்விரண்டும் ஒரே மென்பொருளுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. வாடிக்கையாளர் பதிவேடும் சம்பளக் கணக்கும் தனியாக இருந்தால் குடி முழுகிவிடாது.

தனித்தனி மென்பொருள்களைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இணைக்கலாம்தான், ஆனால் அந்த இணைப்பு ஒருநாள் அறுந்தால் இந்த நிறுவனம் அந்த நிறுவனத்தைக் கைகாட்டும், அது இதைக் கைகாட்டும். ஐந்து பேர் உள்ள இடத்தில் இதன் பின்னால் அலைவதற்கென்று ஆள் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. பில்லில் "6204 பேரிங்" என்றும் இருப்புக் கோப்பில் "பேரிங் 6204 இசட்இசட்" என்றும் இருந்தால் உங்கள் கண்ணுக்கு அவை ஒன்று. மென்பொருளுக்கு அவை இரண்டு பொருள்கள். அதைவிட மோசம், உலோகத் தகடு மூடிய இசட்இசட் வகையும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகையும் ஒரே பெயரில் பதிவாகியிருப்பது. கணக்கில் இருப்பு சரியாக இருக்கும், அலமாரியில் கேட்ட பொருள் இருக்காது. பொருளுக்கு ஒரு குறியீடு என்று முடிவுசெய்து பட்டியலைச் செப்பனிடும் வேலையைச் சந்தா கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கத் தருகிறார்கள். அந்த நாட்களில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: அவர்கள் நிரப்பித் தரும் மாதிரி விவரங்களை நம்பாதீர்கள், அதில் எல்லாம் அழகாகவே ஓடும். உங்கள் பழைய பில்களிலிருந்து இருபதைப் பொறுக்கி எடுங்கள்: பாதிப் பணம் மட்டும் வந்தது, பொருள் திரும்பி வந்தது, போட்ட பிறகு ரத்தானது, தள்ளுபடியைக் கடைசி நேரத்தில் மாற்றியது. இவற்றை முதலாளி அல்ல, நாள்தோறும் பில் போடுபவரே உள்ளிட வேண்டும். அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள்.

அடுத்து, பலரும் விட்டுவிடுகிற சோதனை: உள்ளிட்டதையெல்லாம் வெளியே எடுத்துப் பாருங்கள். எக்ஸ்போர்ட் வசதி உண்டு என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எது வெளியே வருகிறது என்பதே கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவனம் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய மென்பொருளிலிருந்து விலக முடிவுசெய்தபோது, கிடைத்த கோப்பில் பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. எந்தப் பொருள், எத்தனை, என்ன விலை என்பதெல்லாம் ஒவ்வொரு பில்லின் பிடிஎஃப்புக்குள் முடங்கிக் கிடந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். அந்த மென்பொருளைப் பரிந்துரைத்ததே நான்தான் என்பதால் சலித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியிட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வந்தால் அதை நேரடியாக எக்செலில் திறந்து சேமித்துவிடாதீர்கள். "00457" என்ற குறியீட்டை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டு 457 ஆக்கிவிடும். கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் உள்ளதை அது உணராவிட்டால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பில் பிழை இருப்பதில்லை, திறந்த விதத்தில்தான் பிழை. எக்செலின் டேட்டா பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, குறியீடு உள்ள நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்தால் சரியாக வரும்.

நிறுவனம் பெரிது, சேவை நிலைக்கும் என்றும் இருந்துவிட முடியாது. கூகுள், பல இணையதளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய தன் ரீடர் சேவையை மூடப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்து ஜூலை 1 அன்று மூடியது. விவரங்களை எடுத்துக்கொள்ள அவர்கள் வழி தந்தார்கள். எல்லோரும் தருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கேட்கிறார்கள். ஒரே லாகினை எல்லோரும் பயன்படுத்தினால் செலவு குறையுமே?

பதில்: செலவு குறையும், விலையை மாற்றியது யார், பில்லை அழித்தது யார் என்பது கடைசிவரை தெரியாமலும் போகும். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அந்த ஒரே கடவுச்சொல்லை மாற்றி மற்ற எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். விவரங்களை உள்ளிடுபவர்களுக்கு மட்டும் தனித்தனி லாகின் எடுங்கள். பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்கு வாரம் ஒருமுறை அறிக்கை அனுப்பினால் போதும். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி கிடைத்தாலும் முதல் மூன்று மாதங்களை மாதச் சந்தாவிலேயே ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கணக்கு இன்னொருவர் சர்வரில் இருப்பது பாதுகாப்பா? 99.9 சதவீதம் இயங்கும் என்கிறார்களே?

பதில்: 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நின்றுபோகலாம் என்று பொருள், 99.99 என்றால் 53 நிமிடத்துக்குள். அந்த எட்டு மணி நேரம் உங்கள் பரபரப்பான நாளில் வந்தால், ஒப்பந்தப்படி வழக்கமாகக் கிடைப்பது சந்தாவில் சிறு கழிவே தவிர இழந்த வியாபாரம் அல்ல. கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கட்டும்.

உங்கள் அறையில் இருக்கும் ஒற்றைக் கணினியைவிட நல்ல நிறுவனத்தின் சர்வர் பாதுகாப்பானதுதான். ஆயினும் 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறிடத்தில் பேக்கப் வைத்திராத வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் தரவை அடியோடு இழந்தார்கள். மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) எல்லா லாகினுக்கும் இயக்குங்கள். எல்லா அதிகாரமும் உள்ள முதன்மை லாகின் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். அது மென்பொருளை நிறுவிக் கொடுத்தவருடைய மின்னஞ்சலாக இருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: பழைய கணக்கை முழுவதும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு மாதத்தின் முதல் நாளைத் தேர்ந்து, அன்றைய இருப்பு, வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி ஆகியவற்றை மட்டும் ஏற்றுங்கள். பழைய பில்கள் பழைய கோப்பிலேயே இருக்கட்டும். ஏற்றிய பிறகு பட்டியலில் உள்ள வரிசைகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் இருபுறமும் ஒப்பிடுவது கட்டாயம். 2020-இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை என்ற வரம்பு காரணமாக 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நாளில் கணக்கில் சேராமல் விடுபட்டன. உங்கள் பட்டியல் அவ்வளவு நீளம் இராது. ஆனால் வரிசைகள் விடுபட்டால் உங்கள் கோப்பும் வாய் திறந்து சொல்லாது. முதல் மாதம் இரண்டு கணக்குகளையும் சேர்த்தே எழுதி, மாத இறுதியில் அலமாரியை எண்ணிப் பார்த்து, புதிய கணக்கு பொருந்தினால் பழையதை நிறுத்துங்கள்.