திறந்தவெளியில் நிற்கும் மிக்-21: கேள்வி பதில்

1963 முதல் நம் விமானப்படையில் பறந்த மிக்-21 போர் விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. அதற்கு வெகு முன்பே ஓய்வு பெற்ற பல மிக்-21கள் கல்லூரி வாசல்களிலும் பூங்காக்களிலும் நிற்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் கேட்டவற்றுக்கு, விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரி விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. வாசலில் நிற்கும் விமானத்துக்கு எந்த பெயின்ட் நல்லது?

பத்து நாளில் பெயின்ட் வேண்டாம். நல்ல தண்ணீரில் கழுவி நிறுத்துங்கள், அதுவே அழகாக இருக்கும். பெயின்ட் கடைசி வேலை. இந்த விமானங்கள் உள்ளே தேங்கும் நீரால்தான் அதிகம் கெடுகின்றன. வயிற்றுப் பக்கத்து மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். புறாக் கூடும் எச்சமும் சேறும் சேர்ந்து வடிகால் துளைகளை அடைத்திருக்கும். பழைய பெயின்ட்டே அடைத்துக்கொண்டதும் உண்டு. எல்லாவற்றையும் சுத்தம் செய்து துளைகளைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்தில் துளை இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். இனி பறக்கப்போவதில்லை, தயங்க வேண்டாம். காற்று நுழையும் முன்வாயையும் பின்பக்கக் குழாயையும் கம்பி வலையால் மூடுங்கள். மேற்பக்க இணைப்புகளை சீலன்ட் (இடுக்கு அடைக்கும் பசை) வைத்து அடையுங்கள். அடிப்பக்கத்தை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.

கேள்வி: பழைய பெயின்ட்டை மணல் பீய்ச்சி எடுக்கலாமா?

கூடாது. மெல்லிய தகடு நெளிந்துவிடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரிக்கும். இரும்பு பிரஷ் போட்டால் அதன் துகள்கள் தகட்டில் பதிந்து, பிறகு அங்கேதான் அரிப்பு தொடங்கும். உப்புத்தாளை நனைத்துக் கையால் தேய்ப்பதே சரி. அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தெரிந்தால் அது குரோமேட்டாக இருக்கக்கூடும். புற்றுநோய் தரும் பொருள் அது. உலர்வாகத் தேய்க்காதீர்கள், வெறும் துணியைக் கட்டிக்கொண்டும் வேலை செய்யாதீர்கள், வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் பிடித்துவைத்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். மாணவர்களை இந்த வேலையில் இறக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது கடலோர ஊர். ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைத் தூள் படிகிறதே?

அலுமினியம் அரிக்கிறது என்று பொருள். வேறு உலோகம் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் இது வேகமாகும். பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, கழுவி, உலர்த்தி, அன்றே பிரைமர் அடியுங்கள். பழுதான திருகுக்குப் பதிலாக எவர்சில்வர் திருகு போடுவதானால் சீலன்ட்டில் தோய்த்துப் போடுங்கள். தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி ஒட்டுத்தகடு வைப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: பெயின்ட் அடுக்குகளின் வரிசை என்ன?

முதலில் உலோகத்தைப் பிடிக்கும் எட்ச் பிரைமர், அதன்மேல் எபாக்ஸி பிரைமர், கடைசியில் பெயின்ட்டும் ஹார்டனரும் (இறுக வைக்கும் திரவம்) என இரண்டாக வந்து, கலந்து அடிக்கும் பாலியூரிதேன் மேல்பூச்சு. எபாக்ஸியோடு நிறுத்திவிட்டால் வெயிலில் சுண்ணாம்பாய் உதிரும். மூன்றையும் ஒரே நிறுவனத்திடம், ஒன்றோடொன்று சேரும் என்று கேட்டு வாங்குங்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் அடிக்காதீர்கள். தகட்டின் வெப்பம் பனிப்படியும் நிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். உச்சி வெயிலும் ஆகாது. பாலியூரிதேனின் ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்பவருக்கு வெளியிலிருந்து காற்று தரும் முகக்கவசம் அவசியம்.

கேள்வி: எங்கள் விமானத்தின் பழைய நிறம் யாருக்கும் தெரியவில்லை.

விமானமே சொல்லும். மறைவான இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, நனைத்த உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். அடுக்குகள் மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொன்றாகத் தெரியும். புகைப்படம் எடுத்து, வரிசை எண்ணையும் எழுத்துகளையும் டிரேசிங் தாளில் பிரதி எடுத்த பிறகே மற்ற இடங்களைத் தொடுங்கள். விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. இந்த நிற வரிசையைத் தலைகீழாகத் தீட்டிவைத்தால் மனம் வலிக்கிறது.

கேள்வி: குழந்தைகளை விமானி இருக்கையில் உட்காரவைக்கலாமா?

ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் வெளியேற்று இருக்கையிலும் மேல்மூடியிலும் இருந்த வெடிபொருள்கள் அகற்றப்பட்டதற்கு எழுத்துப்பூர்வச் சான்று கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால் யாரும் ஏறக்கூடாது.

கேள்வி: டயர்கள் பிளந்துவிட்டன. மேல்மூடிக் கண்ணாடியும் மங்கிவிட்டது.

எடையை டயரில் விடாதீர்கள். சக்கர அச்சுக்கு அடியில் இரும்புத் தாங்கி வையுங்கள். எஞ்சினைக் கழற்றியிருந்தால் எடை முன்பக்கம் சாயும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மேல்மூடி அக்ரிலிக். தின்னரோ அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமோ பட்டால் நுண்விரிசல் விடும். மிதமான சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும்.