எக்செல் போதவில்லை என்றால், ஆய்வுத் தரவை வரைபடமாக்க எந்த மென்பொருளைக் கற்கலாம்?

பரிசோதனைத் தரவை இதுவரை எக்செலில்தான் வரைந்திருக்கிறீர்கள், ஆய்வுக் கட்டுரைக்கு அது போதவில்லை, நிரல்மொழிகளான பைதானா, ஆரா (R), அல்லது மவுசால் சொடுக்கியே வரையும் மென்பொருள் ஒன்றை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரல் எழுதி வரையும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். அது எது என்பது இரண்டாம் பட்சம்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். முதல் கட்டுரைக்கு ஏழு படங்கள் தேவைப்பட்டன. எல்லாவற்றையும் மெனுவில் சொடுக்கிச் சொடுக்கி வரையும் ஒரு கட்டண மென்பொருளில் செய்தேன். அழகாகத்தான் வந்தன. எட்டு மாதம் கழித்து மதிப்பாய்வாளரின் குறிப்பு வந்தது: மூன்றாம் படத்தின் செங்குத்து அச்சை லாக் (மடக்கை) அளவில் போடுங்கள், எரர் பார் (புள்ளியின் மேலும் கீழும் நீளும் பிழைக்கோடு) காட்டுவது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று எழுதுங்கள். கேட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் மென்பொருளின் உரிமக் காலம் முடிந்து, கோப்பே திறக்கவில்லை. யாரிடமோ கெஞ்சி வேறொரு கணினியில் திறந்தேன். எரர் பாருக்கு எந்தப் பெட்டியில் டிக் போட்டேன், எந்தப் புள்ளிகளை விலக்கினேன் என்பது எதுவும் நினைவில்லை. ஏழு படங்களையும் மூலத் தரவிலிருந்து மறுபடி வரைய இரண்டு வாரம் ஆனது. ஒரு புள்ளியை ஏன் நீக்கியிருந்தேன் என்று கடைசி வரை பிடிபடவில்லை, திரும்பச் சேர்த்துவிட்டேன். நிரலில் வரைந்திருந்தால் அந்த நீக்கம் ஒரு வரியாக அங்கேயே இருந்திருக்கும், பக்கத்தில் காரணத்தையும் எழுதியிருப்பேன்.

எக்செலைக் குறை சொல்லவில்லை. தரவு வந்தவுடன் ஒருமுறை போட்டுப் பார்க்க இன்றும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் கேட்காமலே தரவை மாற்றிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. 'மார்ச்1' என்று ஒரு மரபணு இருந்தது. கட்டத்தில் தட்டினால் அது மார்ச் முதல் தேதி ஆகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-ல் மரபணுப் பெயரிடும் குழு அப்படிப்பட்ட பெயர்களையே மாற்றியது! இன்னொரு சிக்கல், பலரும் அதில் பார் கிராஃபோடு நின்றுவிடுவது. புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-ல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண்), பொருத்திய நேர்கோடு எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. சராசரியை மட்டும் தூணாக நிறுத்தினால் இது எதுவும் தெரியாது. மூலப் புள்ளிகளையே காட்டும் படம் வேண்டும்.

சரி, ஆரா பைதானா? உங்கள் ஆய்வகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எதில் எழுதுகிறாரோ அது. கிண்டல் இல்லை, மாட்டிக்கொள்ளும்போது எட்டிப் பார்க்க ஒருவர் இருப்பது பெரிய விஷயம். அப்படி யாரும் இல்லை, உங்கள் வேலை பெரும்பாலும் அட்டவணைத் தரவும் புள்ளியியல் சோதனைகளும்தான் என்றால், நான் ஆரில் உள்ள ஜிஜிபிளாட்2 என்ற வரைபடத் தொகுப்பைச் சொல்வேன். லீலண்ட் வில்கின்சன் 1999-ல் புத்தகமாக எழுதிய வரைபட இலக்கணத்தை ஒட்டி ஹேட்லி விக்கம் உருவாக்கியது அது. 'பார் கிராஃப் போடு' என்று அதனிடம் சொல்ல மாட்டீர்கள். இந்த நெடுவரிசை கிடை அச்சு, அந்த நெடுவரிசை நிறம், மேலே ஒரு அடுக்கு புள்ளிகள், அதற்கும் மேலே ஒரு போக்குக் கோடு என்று சொல்வீர்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். உண்மையில் அந்த எரிச்சல் வரைவதில் வருவதில்லை, தரவின் வடிவத்தில் வருகிறது. நாம் எக்செலில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நெடுவரிசை என்று அகலமாக எழுதி வைத்திருப்போம். ஜிஜிபிளாட்2-க்கோ நாள் ஒரு நெடுவரிசை, அளவு ஒரு நெடுவரிசை என்று நீளமாக வேண்டும். இந்த மாற்றத்தை மட்டும் முதலில் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கருவிகளிலிருந்து வரும் அலைவடிவம், படிமம், எண்முறைக் கணக்கு என்றால் பைதானில் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரலகம். நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹண்டர் மூளையின் மின்பதிவுகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கி 2003-ல் வெளியிட்டது. மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் பழகியவர்களுக்கு ஏற்றபடி அதன் கட்டளைகளைப் போலவே வைத்தார். இன்றைய குழப்பத்துக்கும் அதுதான் காரணம். ஒரே படத்தை இரண்டு விதமாக எழுதலாம்: நடப்புப் படத்துக்குக் கட்டளையிடும் பழைய பாணி ஒன்று, அச்சுகளை ஒரு பொருளாகக் கையில் வைத்துக்கொண்டு அதனிடம் சொல்லும் பாணி மற்றொன்று. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் இரண்டையும் கலந்தடிக்கும். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். புள்ளியியல் படங்களுக்கு இதன் மேலேயே கட்டிய சீபார்ன் இருக்கிறது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. க்னூபிளாட் 1986-லிருந்து இருக்கிறது, இன்றும் நான்கு வரியில் வேலையை முடிக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. திரவ ஓட்டம் போன்ற முப்பரிமாண உருவகத் தரவு என்றால் பாராவியூ, மேலே சொன்ன எதுவும் அங்கே ஈடாகாது. வலைப்பக்கத்தில் தொட்டால் அசையும் படம் வேண்டுமென்றால் பிளாட்லி போதும். வலைப்படங்களுக்கான இன்னொரு நிரலகமான டி3 சக்தி வாய்ந்ததுதான், ஆனால் ஒரு படத்துக்காக அதைக் கற்பது வீண்.

எதை எடுத்தாலும் முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: படத்தை அச்சாகும் அளவிலேயே வரைவது. மேட்பிளாட்லிப் தானாகப் போடும் அகலம் 6.4 அங்குலம், எழுத்தளவு 10 புள்ளி (பாயிண்ட்). இதழின் பக்கத்தில் ஒரு பத்தியின் (column) அகலம் ஏறத்தாழ 3.5 அங்குலம் இருக்கும். சுருக்கி ஒட்டினால் எழுத்து ஐந்தரைப் புள்ளிக்கு இறங்கிவிடும், பூதக்கண்ணாடி வேண்டும். அப்புறம் நிறம். அளவை நிறமாகக் காட்டும் படத்தில் வானவில் வண்ணம் போட்டால், மஞ்சள் பட்டை தரவில் இல்லாத ஒரு விளிம்பைக் காட்டும். 2017-ல் வந்த மேட்பிளாட்லிப் 2.0 அதைக் கைவிட்டு விரிடிஸ் என்ற வண்ண வரிசைக்கு மாறியதற்கு இது ஒரு காரணம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் விரிடிஸைப் படிக்கலாம்.

சேமிக்கும்போது பிடிஎஃப் அல்லது எஸ்விஜி நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஆனால் இரண்டு லட்சம் புள்ளிகள் உள்ள சிதறல் படத்தை அப்படிச் சேமித்தால் கோப்பு திறக்கவே திணறும். புள்ளிகள் உள்ள அடுக்கை மட்டும் பிக்சல் படமாக்கி, அச்சையும் எழுத்தையும் கோடுகளாகவே விட மேட்பிளாட்லிப்பில் ஒரு சொல் சேர்த்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.