பௌர்ணமிக்குப் பூமி அதிருமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2004 சுனாமி வந்தது மார்கழிப் பௌர்ணமியன்று. அன்றிலிருந்து பௌர்ணமி என்றால் அம்மா எங்களைக் கடற்கரைப் பக்கமே விடுவதில்லை. இப்போது வாட்ஸப்பில் ‘நிலவு பூமியை நெருங்குகிறது, பூகம்பம் நிச்சயம்’ என்று வேறு வருகிறது. இதில் உண்மை உண்டா? அடுத்த பௌர்ணமிக்கு வேளாங்கண்ணி போவதாக இருக்கிறோம்.

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

அம்மா சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. நிலவு கடலை மட்டுமல்ல, தரையையும் இழுக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணை தினம் இருமுறை ஏறக்குறைய ஒரு அடி வரை எழும்பி இறங்குகிறது. தெருவும் பெரிய கோயில் விமானமும் கூடவே எழும்புவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமிகளில் சூரியனும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்துகொள்ள, இழுப்பு கூடும்.

ஆனால் இதனால் பாறைமேல் விழும் அழுத்தம் மிகச் சிறியது. ஒரு பூகம்பத்தில் விடுபடும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கலாம். நூற்றாண்டுகளாகப் பாரம் ஏறிய வண்டியில் நிலவு கொண்டுவந்து வைப்பது ஒரு மயிலிறகு. அச்சு முறிகிற தறுவாயில் இருந்தால்தான் அந்த இறகுக்கு வேலை.

தோக்கியோ பல்கலைக்கழகத்தினர் 2016இல், மிகப் பெரிய பூகம்பங்கள் இந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தை ஒட்டி வரும் போக்கைக் காட்டினார்கள். நம் 2004ம் அதில் உண்டு. அவர்கள் திதி பார்க்கவில்லை. பூகம்பம் பிறக்கும் நிலப்பிளவில் விழும் அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். சரி, வெறும் திதியை வைத்துச் சொல்ல முடியுமா? அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் சூசன் ஹஃப், நான்கு நூற்றாண்டுகளில் வந்த 8 அல்லது அதற்கு மேற்பட்ட ரிக்டர் பூகம்பங்களைப் பிறைநாட்களோடு ஒப்பிட்டு 2018இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறைநாளுக்கு ஏற்பப் பெரிய பூகம்பங்கள் வருகின்றனவா என்பது தலைப்பிலேயே கேள்வியாக இருக்கும். கட்டுரைச் சுருக்கம் ஒரே சொல்: ‘இல்லை.’ அப்படி எழுத எனக்கும் ஆசைதான்.

வாட்ஸப்காரர் சொல்லும் ‘நெருக்கம்’ இன்னும் வேடிக்கை. 2004 டிசம்பர் 26 நம் நேரப்படி காலை 6.29க்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்தபோது நிலவு நெருங்கி வரவில்லை. அந்த மாதத்தில் அது எட்டும் மிகத் தொலைவான இடத்துக்கு, அதாவது நான்கு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், போய்க்கொண்டிருந்தது. தூரம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே கடலையும் தரையையும் எழுப்பும் அந்த இழுப்பில் கால்வாசி போய்விடும். அப்புறம் 2011 மார்ச் 11, ஜப்பான். அன்று வளர்பிறை பாதிகூட எட்டவில்லை.

வருடத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பௌர்ணமி. எதுவும் நடக்காத பௌர்ணமிகளை யார் ஃபார்வர்ட் செய்கிறார்கள்?

வேளாங்கண்ணிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. தரை பலமாக ஆடினாலோ, கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினாலோ மட்டும் கிளிஞ்சல் பொறுக்க நிற்காமல் கரையை விட்டு உள்ளே ஓடிவிடுங்கள். அன்று அஷ்டமியாக இருந்தாலும் சரி.